மூன்றரை வருடம் காத்திருந்த வாசகர்கள்: கடைசி அத்தியாயம் படித்துவிட்டு கல்கியிடம் சண்டை!

சென்னை, டிச. 5–

'பொன்னியின் செல்வன்' தொடர்கதையின் கடைசி அத்தியாயம் 1954-ம் ஆண்டு மே மாதம் வெளியானது. மூன்றரை வருடமாக வாராவாரம் காத்துக் கிடந்த வாசகர்கள் அதைப் படித்துவிட்டு சும்மா இருக்கவில்லை. கதையை எழுதிய கல்கியிடமே சண்டைக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம்கூட கல்கி உயிரோடு இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி சென்னையில் காலமானார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த இன்னொரு தொடர்கதை பாதியில் நின்றது.

தமிழ்நாட்டையே தொடர்கதைக்காகக் காக்க வைத்த அவரது வாழ்க்கை வருமாறு:–

கணக்குப்பிள்ளை மகன்

கல்கியின் இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. மாயவரம் பக்கத்தில் உள்ள புத்தமங்கலம் கிராமத்தில் 1899-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி பிறந்தார். தகப்பனார் ராமசாமி அய்யர் அந்த ஊர் கணக்குப்பிள்ளை. பெரிய வசதி கிடையாது.

திருச்சி நேஷனல் பள்ளிக்கூடத்தில் படித்தார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கிய சமயம். காந்தி ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைத்தார். கிருஷ்ணமூர்த்தி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு 1921-ல் வெளியே வந்துவிட்டார். மறு ஆண்டே ஒரு வருட ஜெயில்.

பரீட்சை எழுதாத அந்தப் பையன்தான் பின்னால் லட்சக்கணக்கான பேரைப் படிக்க வைத்தவர்.

ஜெயிலில் இருந்து வந்ததும் திரு.வி.க. நடத்திய 'நவசக்தி'யில் உதவி ஆசிரியர் வேலை. பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு சேர்ந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 'விமோசனம்' பத்திரிகை. அதன் பிறகு எஸ்.எஸ்.வாசனின் 'ஆனந்த விகட'னில் சுமார் பத்து வருடம்.

சினிமாவும் தொடர்கதையும்

வாசகரைக் காக்க வைக்கும் வித்தையை கல்கி விகடனிலேயே கற்றுக்கொண்டார். 'கள்வனின் காதலி' அங்கேதான் தொடராக வந்தது. அடுத்து 'தியாக பூமி'. டைரக்டர் கே.சுப்பிரமணியம் ஒரு பக்கம் படம் எடுக்க, இன்னொரு பக்கம் கல்கி கதை எழுத, படத்தின் ஸ்டில்களையே போட்டு விகடனில் தொடர் வந்தது. படம் 1939-ல் வெளியாகி சக்கைப்போடு போட்டது. வெள்ளைக்காரன் சர்க்கார் அதற்குத் தடை போட்டது.

1941-ல் கல்கி மறுபடியும் சத்தியாக்கிரகம் செய்து ஜெயிலுக்குப் போனார். விகடன் வேலை போனது. கையில் காசு இல்லை. நண்பர் சதாசிவமும் அவரும் சேர்ந்து அதே வருடம் ஆகஸ்டு மாதம் சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தார்கள். பெயரே 'கல்கி'தான். இதற்குப் பணம் சேர்க்க சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேஷம் கட்டினார்.

'கல்கி'யில் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை' என்று வரிசையாகத் தொடர்கள் வந்தன. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் கட்ட வேண்டும் என்று பத்திரிகையில் கேட்டார். வாசகர்கள் பணம் அனுப்பிக் குவித்தார்கள். 1947-ல் மண்டபம் திறக்கப்பட்டது. வாசகர்களுக்கு அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

யார் முதலில் படிப்பது?

'பொன்னியின் செல்வன்' 1950-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆரம்பமானது. ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில் கதை தொடங்கும். அன்று ஏறிய குதிரை மூன்றரை வருடம் நிற்கவே இல்லை.

டெலிவிஷன் கிடையாது. ரேடியோகூட வசதியான வீட்டில்தான். பத்திரிகை வருகிற அன்றைக்கு வெளியூர்களில் ஏஜெண்டு கடை முன்னால் ஆள் நிற்பார்கள். ரெயிலில் கட்டு வந்து இறங்க வேண்டும். கட்டுப் பிரிக்கிறதற்குள் கை நீளும்.

வீட்டுக்கு ஒரு பிரதிதான். யார் முதலில் படிப்பது என்று அண்ணன் தங்கைக்குள் அடிதடி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் யாரையாவது பிடித்து உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். வாங்க முடியாதவர்கள் வாசக சாலையிலும் சலூனிலும் முறை வைத்துக் காத்திருப்பார்கள். படித்து முடித்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்து எடுத்து, வரிசையாகச் சேர்த்து பைண்டு செய்து வைப்பார்கள். மணியம் வரைந்த படங்களோடு அப்படி பைண்டு செய்த புத்தகங்கள் பல வீடுகளில் பேரன் காலம் வரைக்கும் பரணில் இருந்தன.

பிறந்த பெண் குழந்தைகளுக்கு வானதி, குந்தவை, பூங்குழலி என்று பெயர் வைத்தார்கள்.

கல்கியும் சும்மா உட்கார்ந்து கதை விடவில்லை. கல்வெட்டு, செப்பேடு என்று தேடிப் படித்தார். இந்தக் கதைக்காக இலங்கைக்கு மட்டும் மூன்று தடவை போய் வந்தார்.

கொலையாளி யார்?

கதையின் மையம் ஒரு கொலை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் செத்துக் கிடக்கிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைப் பாதாளச் சிறையில் போடுகிறார்கள். யார் குத்தியது? நந்தினியா? பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளா? பழுவேட்டரையரா?

போலீஸ் கேஸ் மாதிரி ஊரெல்லாம் இதே பேச்சு. டீக்கடையில் ஒருத்தர் ஒரு பெயர் சொல்வார். இன்னொருத்தர் மறுப்பார். அடுத்த வாரம் தெரிந்துவிடும் என்று எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அடுத்த வாரம் இன்னொரு முடிச்சு விழும்.

இந்தக் கொலை நிஜமாகவே நடந்தது. காட்டுமன்னார்கோவில் உடையார்குடியில் உள்ள சிவன் கோவிலில் இதற்குக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் வெட்டியது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பெயரைச் சொல்லி, அவர்கள் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்த விவரம் அதில் உள்ளது. குத்தியது யார் கை என்று கல்வெட்டு சொல்லவில்லை. கல்கியும் கடைசி வரைக்கும் அந்த மர்மத்தை முழுசாக அவிழ்க்கவில்லை.

நீண்டுகொண்டே போன கடைசி பாகம்

கதை மொத்தம் ஐந்து பாகம். முதல் நான்கு பாகங்களில் ஒன்றுகூட 60 அத்தியாயத்தைத் தொடவில்லை. 'தியாகச் சிகரம்' என்ற கடைசி பாகம் மட்டும் 91 அத்தியாயம். முடியப் போகிறது, முடியப் போகிறது என்று வாசகர்கள் நினைக்க, அது நீண்டுகொண்டே போனது. ஆக மொத்தம் 293 அத்தியாயங்கள்.

எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. பொன்னியின் செல்வன் என்கிற அருள்மொழிவர்மன்தான் பிற்காலத்தில் தஞ்சை பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழன். அவன் தலையில் கிரீடம் ஏறுவதைப் பார்க்க வேண்டும். மூன்றரை வருடம் காத்திருந்தது அதற்குத்தான்.

கல்கி கிரீடத்தை அவன் கையில் கொடுத்தார். அவனோ அதைச் சித்தப்பா முறையான உத்தம சோழர் தலையில் வைத்துவிட்டான். அதோடு கதை முடிந்தது!

ஆத்திரக் கடிதங்கள்

வாசகர்களுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. கடிதம் மேல் கடிதம். இப்படித் திடுதிப்பென்று முடிக்கலாமா, வந்தியத்தேவன் குந்தவையைக் கட்டிக்கொண்டானா இல்லையா, நந்தினி என்ன ஆனாள், மற்றவர்கள் கதி என்ன என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

வேறு ஆளாக இருந்தால் ஒன்று பேசாமல் இருந்திருப்பார். இல்லையென்றால் வாசகருக்குப் பயந்து இன்னொரு பாகம் எழுதியிருப்பார். பத்திரிகை விற்பனைக்கும் அது நல்லதுதான். கல்கி இரண்டையும் செய்யவில்லை. முடிவுரை என்று தனியாக எழுதினார். வாசகர்கள் கேட்டதை அதில் எடுத்துப் போட்டு, பாத்திரங்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று விவரம் சொன்னார். ஆனால் முடிவை மட்டும் மாற்றவில்லை. கிடைத்த ராஜ்யத்தை விட்டுக்கொடுத்ததுதான் அந்தக் கதையின் உச்சம் என்பதில் உறுதியாக நின்றார்.

சரித்திரமும் அவர் பக்கம்தான். உத்தம சோழர் ஆண்டு முடித்த பிறகு, 985-ம் ஆண்டில்தான் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தான். வாசகரைத் திருப்திப்படுத்த கிரீடத்தை முன்கூட்டியே சூட்டியிருந்தால் கதை பொய்யாகியிருக்கும்.

மகள் முடித்த கதை

அடுத்து 'அமர தாரா' என்ற தொடரை ஆரம்பித்தார். வாசகர்கள் மறுபடியும் காத்திருக்கத் தொடங்கினார்கள். இந்தத் தடவை முடிவு அவரிடம் இருந்து வரவில்லை. 55 வயதில் கல்கி இறந்துவிட்டார்.

பாதியில் நின்ற கதையை மகள் ஆனந்தி எடுத்துக்கொண்டார். அப்பா எழுதி வைத்திருந்த குறிப்புகளை வைத்து எழுதி முடித்தார். காத்திருந்தவர்களுக்கு அந்தக் கடன் தீர்ந்தது.

'அலை ஓசை'க்கு 1956-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. வாங்க கல்கி இல்லை. 1999-ல் அவரது நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன.

'பொன்னியின் செல்வ'னைப் படமாக எடுக்க எம்.ஜி.ஆர். ஆசைப்பட்டு, 1958-ல் அறிவிப்பும் கொடுத்தார். நடக்கவில்லை. அதற்கு 64 வருடம் ஆனது. மணிரத்னம் டைரக்‌ஷனில் முதல் பாகம் 2022 செப்டம்பரிலும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வெளியானது. இடையில் ஏழு மாதம், முடிவுக்காகப் பேரன் பேத்திகளும் காத்திருந்தார்கள். கதை தெரிந்த தாத்தா பாட்டிமார் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.