தங்கம் வென்ற பள்ளி ஆசிரியர்

ஆவடி, அம்பத்தூர் பகுதிகளில் மாலை வேளைகளில் காலி மனை தேடிப் பந்துடன் அலையும் சிறுவர்களைக் காணும்போதெல்லாம் ஓர் ஆசிரியரின் நினைவு எழுகிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியக் கால்பந்து அணி இருமுறை தங்கம் வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தவர் அவர். பெயர் சையத் அப்துல் ரஹீம்.

1909-இல் ஐதராபாதில் பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரி. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியபடியே கால்பந்தும் ஆடினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். 1943-இல் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். 1950 முதல் அவரிடம் பயின்ற ஐதராபாத் நகரக் காவல் அணி, ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. வலுக்குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடன் இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தியவர் அவர். மாணவனின் குறையறிந்து பாடம் வகுக்கும் ஆசிரியரின் அணுகுமுறை அது.

1951-இல் தில்லியில் நடைபெற்ற முதல் ஆசியப் போட்டியில், ஈரானை 1-0 என வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது. மறுஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற படுதோல்வி. நம் வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. அத்தோல்விக்குப் பின் காலணி கட்டாயமானது. 1952 முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய அண்டை நாடுகள் மோதிய நாற்கரப் போட்டிகள் நான்கிலும் கோப்பை நமக்கே. முதல் முறை மட்டும் பாகிஸ்தானுடன் பகிர்ந்துகொண்டோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காமிடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி நம்முடையதே.

ரஹீமின் அணியில் தமிழர்களும் ஒளிர்ந்தனர். வெலிங்டன் மதராஸ் படைப்பிரிவு மையத்துக்காக ஆடிய கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ், செகந்தராபாதில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமன் ஆகியோர் அவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியின்போது ரஹீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய நிர்வாகி ஒருவர் கண்டித்ததால், அந்நாட்டு மக்களின் சினம் நம் வீரர்கள்மீது திரும்பியது. தையல் போட்ட தலையுடன் மீண்ட ஜர்னைலை, ரஹீம் துணிந்து முன்கள வீரராக இறக்கினார். அரையிறுதியிலும் அவர் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்திலும் அடித்தார். முன்பு வீழ்த்திய அதே தென்கொரியாவை, அரங்கின் ஏளனக் கூச்சலுக்கு நடுவே இந்தியா 2-1 என வென்றது.

ஒன்பதே மாதங்களில், 1963 ஜூன் 11 அன்று, ரஹீம் மறைந்தார். அவருக்குப் பின் ஆசியப் போட்டிக் கால்பந்தில் நாம் பெற்ற ஒரே பதக்கம் 1970-இல் கிடைத்த வெண்கலம். 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில் தங்கம் வென்றோம். ஆனால், அந்தக் களம் சிறியது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மனித ஆற்றலில் இடும் முதலீடு உடனே பலன் தருவதில்லை. ரஹீமின் ஜகார்த்தா வெற்றிக்குப் பின்னே பள்ளி மைதானங்களிலும் உள்ளூர்ப் போட்டிகளிலும் அவர் செலவிட்ட இருபது ஆண்டு உழைப்பு இருந்தது. நாமோ, தேர்வு நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரைவார்க்கிறோம். பெருகிவரும் நம் புறநகரில் மனைகளுக்குக் குறைவில்லை, மைதானங்களுக்குத்தான் பஞ்சம். விளையாட இடமும் வழிகாட்ட ஆசிரியரும் இல்லாத ஊரில், அடுத்த தங்கராஜ் எங்கே நின்று பந்தைத் தடுக்கக் கற்பான்?