கல்விக் கண் திறந்த காபூல் அரசி

ஆப்கானிஸ்தானத்தில் போரால் முடியிழந்த அரசர் பலர். பெண்களுக்குப் பள்ளி திறந்து, அதன் பொருட்டும் பகை தேடிக்கொண்ட அரசி சுரையா ஆவார். அவரது வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

1899ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24ஆம் நாள் சிரியாவின் டமாஸ்கஸ் நகரில் சுரையா பிறந்தார். தந்தை மகமூது தர்சி, பஷ்தூன் இனத்தின் முகம்மதுசாய் குடியில் வந்த அறிஞர். நாடு கடத்தப்பட்ட குடும்பத்தவர். தாய் அஸ்மா ரஸ்மியா சிரியப் பெண்மணி. 1901இல் அமீர் அப்துர் ரகுமான் மறைந்த பின்னரே அக்குடும்பம் தாயகம் திரும்ப வழி பிறந்தது. தர்சி 1911 முதல் காபூலில் செய்தி இதழ் நடத்தினார். படிப்பும் எழுத்தும் நிறைந்த அந்த இல்லத்தில் வளர்ந்த சுரையா, 1913இல் இளவரசர் அமானுல்லாவை மணந்தார்.

1919இல் அமானுல்லா அரியணை ஏறி, ஆங்கிலேயருடன் போரிட்டு நாட்டின் முழு விடுதலையை மீட்டார். அரசியாரோ அறியாமையிலிருந்து விடுதலை தேடினார். 1921இல் காபூலில் பெண்கள் பள்ளி ஒன்று அவர் முயற்சியால் எழுந்தது. அதே ஆண்டில் தாய் அஸ்மாவை ஆசிரியராகக் கொண்டு மகளிர் வார இதழ் வெளிவந்தது. பெண்களுக்கெனத் தனி மருத்துவமனையும் அமைந்தது. 1926இல் விடுதலை நாள் விழாவில், நாட்டை உருவாக்குவதில் பெண்களுக்கும் பங்குண்டு, அதற்குக் கல்வி வேண்டும் என்று எடுத்துரைத்தார். 1928இல் 15 மாணவியர் மேற்படிப்புக்காகத் துருக்கிக்குச் சென்றனர். அவ்வாண்டிலேயே அரசியார் பலரறிய முகத்திரையை நீக்கினார்.

எதிர்ப்பு மூண்டது. முகத்திரை மட்டுமே காரணமன்று. புதிய வரிகளும் கட்டாயப் படைச் சேவையும் மலைவாழ் குடிகளை வருத்தின. குடித்தலைவர்களும் முல்லாக்களும் தம் செல்வாக்குக் குறைவதைக் கண்டு வெகுண்டனர். காபூலுக்கு வந்த பள்ளி அவர்கள் ஊருக்கு வரவில்லை; வரி கேட்பவர் மட்டும் வந்தார். இதுவே அச்சீர்திருத்தத்தின் பெருங்குறை என்பது என் கருத்து.

1928 நவம்பரில் சின்வாரிக் குடியினர் கிளர்ந்தெழுந்தனர். 1929 சனவரியில் அமானுல்லா முடி துறந்தார். புதிய ஆட்சியில் பெண்கள் பள்ளி மூடப்பட்டது; துருக்கி சென்ற மாணவியர் திருப்பி அழைக்கப்பட்டனர். நாடிழந்து வரும் வழியில், பம்பாயில் சுரையாவுக்கு மகள் பிறந்தாள். அக்குழந்தைக்கு 'இந்தியா' என்றே பெயர் சூட்டினர்.

எஞ்சிய காலம் இத்தாலியில் கழிந்தது. ஆயினும் விதைத்தது வீண்போகவில்லை. 1964ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஆப்கன் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. 1965இல் குப்ரா நூர்சாய் அந்நாட்டின் முதல் பெண் அமைச்சரானார். இவற்றையெல்லாம் காணும்வரை வாழ்ந்த சுரையா, 1968 ஏப்ரல் 20ஆம் நாள் ரோம் நகரில் மறைந்தார். ஜலாலாபாத்தில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

2021இல் தாலிபான் மீண்டும் ஆட்சியைப் பிடித்ததும் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களின் பள்ளிகள் மூடப்பட்டன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவுகளும் அடைபட்டன. இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு பயிலும் நான், என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற்பெண். எனக்கு முன் எவரோ திறந்து வைத்த கதவு இது. திறந்த கதவும் மூடப்படலாம் என்பதைச் சுரையாவின் வரலாறு சொல்கிறது. ஆகவே தோழியரே, கிடைத்த கல்வியை நம்மோடு நிறுத்திவிடாமல், இன்னும் பள்ளி எட்டாத சிற்றூர் வீடுகளுக்கும் கொண்டு சேர்ப்போம்.