விண்மீனின் விதியைக் கணித்த சந்திரசேகர்



விடியுமுன் பால்மரக் காட்டுக்குச் சென்ற நம் முன்னோர்க்குப் பெரட்டுக் களத்து மணியே கடிகாரமாக இருந்தது. காலம் எங்கும், எவர்க்கும் ஒன்றுபோலவே ஓடுகிறது என்று உலகமும் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணத்தை ஐன்ஸ்டைன் என்னும் அறிஞர் 1905ஆம் ஆண்டிலும் 1915ஆம் ஆண்டிலும் மாற்றியமைத்தார். விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும்; ஈர்ப்பு மிகுந்த இடத்திலுள்ள கடிகாரமும் மெதுவாக ஓடும். இதுவே அவர் கண்ட உண்மை.

நம் லகாட்டுக்கு அருகிலுள்ள கிளேடாங் மலை சுமார் 800 மீட்டர் உயரமானது. அதன் உச்சியில் ஒரு கடிகாரத்தையும் அடிவாரத்தில் ஒரு கடிகாரத்தையும் வைத்ததாகக் கொள்வோம். ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாகப் பிரித்தால், அவற்றுள் ஏறத்தாழ ஏழு கூறு அளவுக்கு உச்சியிலுள்ள கடிகாரம் ஒரே நாளில் முந்திவிடும். நமக்கு இது மிகச் சிறிய வேறுபாடு. ஆனால் விண்மீன்களின் உலகில் வேகமும் ஈர்ப்பும் மாபெரும் விளைவுகளை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்றைக் கணித்துக் காட்டியவர் ஒரு தமிழர். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் இரயில்வே கணக்குத் துறை அதிகாரி, தாயார் சீதாலட்சுமி. அறிவியல் மேதை சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா ஆவார். தொடக்கக் கல்வியை வீட்டிலேயே கற்ற சந்திரசேகர், பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்.

1930ஆம் ஆண்டு, இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயில அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. அவ்வேளையில் தாயார் கடும் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார். தாயாரோ தம் நோயைப் பொருட்படுத்தாது, மகனைச் சென்று வருமாறு ஊக்கி அனுப்பிவைத்தார். மறு ஆண்டே அவ்வம்மையார் காலமானார். மகனால் அவர் முகத்தை மீண்டும் காண இயலவில்லை.

கப்பற் பயணத்தின்போது அந்தப் பத்தொன்பது வயது இளைஞர் வீணே பொழுதைக் கழிக்கவில்லை, கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீன் ஆகிறது. அதனுள் நெருக்குண்ட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்கின்றன. ஆகவே ஐன்ஸ்டைனின் வேக விதியை அங்கும் பொருத்த வேண்டும் என அவர் உணர்ந்தார். அவ்வாறு பொருத்தியபோது, நம் கதிரவனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட பொருண்மையுள்ள விண்மீன் வெண்குறுமீனாக நிலைத்திருக்க இயலாது. தன் ஈர்ப்பாலேயே மேலும் நொறுங்கும் என்னும் முடிவு கிடைத்தது. இவ்வரம்பு இன்று சந்திரசேகர் வரம்பு என்றே வழங்கப்படுகிறது.

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இலண்டனில் வானியலார் கூடிய அவையில் இதனை விளக்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அவருக்குப் பின் எழுந்த எடிங்டன் என்னும் புகழ்பெற்ற வானியலார் அம்முடிவை ஏளனம் செய்து மறுத்தார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. இளைஞரின் பக்கம் வெளிப்படையாகப் பேச எவரும் முன்வரவில்லை.

சந்திரசேகர் மனம் உடைந்தார். ஆனால் உழைப்பைக் கைவிடவில்லை. எடிங்டன்மீது பகை பாராட்டவுமில்லை; இறுதிவரை அவரை மதித்தே நடந்தார். 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வாழ்நாள் முழுதும் அங்கேயே பணியாற்றினார். மிக முதிர்ந்த வயதிலும் கருந்துளைகளைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதினார். தொலைவிலிருந்து காண்பவர்க்குக் கருந்துளையின் விளிம்பை நெருங்கும் கடிகாரம் மேலும் மேலும் மெதுவாகி, நின்றுவிடுவதுபோல் தோன்றும். ஈர்ப்பின் வலிமை அத்தகையது!

1983ஆம் ஆண்டு, அவருடைய பிறந்த நாளன்றே, நோபெல் பரிசுச் செய்தி அறிவிக்கப்பட்டது. அவையோர் சிரித்த நாளிலிருந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன! 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் அவர் மறைந்தார். 1999ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட ஊடுகதிர்த் தொலைநோக்கி 'சந்திரா' என அவர் பெயரைத் தாங்கியது.

பெற்றோர்களே! கைப்பேசியில் வழிகாட்டும் செயற்கைக் கோளின் கடிகாரம், வேகத்தால் நாள்தோறும் 7 மைக்ரோ நொடி பின்தங்குகிறது. ஈர்ப்புக் குறைவால் 45 மைக்ரோ நொடி முந்துகிறது. எஞ்சும் 38 மைக்ரோ நொடியைத் திருத்தாவிடில் வழி பல கிலோமீட்டர் தவறிப்போகும். ஏட்டில் எழுதிய கணக்கு இவ்வாறு வாழ்வுக்கு உதவுகிறது.

மாணவர்களே! சரியாகப் போட்ட கணக்கைப் பிறர் நகைத்தாலும் அழித்துவிடாதீர்கள். மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள், பிழையிருப்பின் திருத்துங்கள், பிழையில்லையெனில் பொறுத்திருங்கள். அந்தப் பொறுமைக்குச் சந்திரசேகரின் வாழ்வே சான்றாகும்.