சைமன் ஸ்டெவின்

சைமன் ஸ்டெவின் (1548 – 1620) பிளாண்டர்சு நாட்டில் பிறந்த கணிதவியலாளரும் பொறியியலாளரும் ஆவார். பின்னங்களைத் தசம வடிவில் எழுதிக் கணக்கிடும் முறையை ஐரோப்பாவில் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தவர் என்று அறியப்படுகிறார்.

வாழ்க்கை

ஸ்டெவின் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூச் நகரில், முறைப்படி மணம் செய்துகொள்ளாத பெற்றோருக்குப் பிறந்தார். இளமையில் ஆண்ட்வெர்ப் நகரில் வணிகக் கணக்கராகவும், 1577 முதல் புரூச் வட்டாரத்தின் வரி அலுவலகத்தில் எழுத்தராகவும் பணியாற்றினார். 1581இல் நெதர்லாந்தின் லைடன் நகருக்குக் குடிபெயர்ந்து, 1583இல், தம் முப்பத்தைந்தாம் வயதில், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் இளவரசர் மொரிசுக்குக் கணிதம் கற்பித்ததுடன், டச்சுப் படையின் பொறியியல் பணிகளிலும் ஈடுபட்டார்.

கணக்கராக இருந்த காலம் வீண்போகவில்லை. அக்காலத்தில் வட்டி அட்டவணைகளை வங்கியாளர்கள் தம் தொழில் இரகசியமாகக் காத்து வந்தனர். கடன் வாங்குவோர் அவர்கள் சொன்ன தொகையை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்டெவின் 1582இல் அவ்வட்டவணைகளைக் கணித்து, கணக்கிடும் விதியுடன் அச்சிட்டு வெளியிட்டார்.

பத்திலொன்று

1585இல் டச்சு மொழியில் 'தெ தீன்டெ' (பத்திலொன்று) என்னும் சிறு நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் அதன் பிரெஞ்சு வடிவமும் வந்தது. நில அளவையாளர், துணி அளப்போர், மதுப் பீப்பாய் அளப்போர், வானியலாளர், நாணயச்சாலையினர், வணிகர் ஆகியோரை முன்னிறுத்தி எழுதப்பட்ட நூல் இது. இவர்கள் அனைவரையும் வருத்தியது பின்னக் கணக்கு. எடுத்துக்காட்டாக, 3/8 உடன் 7/25ஐக் கூட்ட வேண்டுமானால் பொதுப் பகுதியாக 200ஐக் கண்டுபிடித்து, 75/200, 56/200 என மாற்றி, 131/200 என்ற விடையை அடைய வேண்டும். நாளொன்றுக்கு இத்தகைய கணக்குகள் பல செய்பவரிடம் பிழை நேர்வது இயல்பு. பிழை நேர்ந்தால் யாரோ ஒருவருக்குப் பண இழப்பு.

ஸ்டெவின் காட்டிய வழி எளியது. 3ஐ 8ஆல் வகுக்கும்போது முழு எண் கிடைக்காது. எனவே 3ஐ 30 பத்தில்-ஒன்றுகளாகக் கொண்டால் ஈவு 3, மீதி 6. அதை 60 நூறில்-ஒன்றுகளாகக் கொண்டால் ஈவு 7, மீதி 4. அதை 40 ஆயிரத்தில்-ஒன்றுகளாகக் கொண்டால் ஈவு 5, மீதியில்லை. ஆகவே 3/8 = 0.375. இவ்வாறே 7/25 = 0.28. இரண்டையும் முழு எண்களைப் போலவே கூட்டினால் 0.655, இது 131/200க்குச் சமம்.

ஆனால் அவர் தசமப் புள்ளியைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் அடுத்து அதன் இடத்தை வட்டமிட்ட எண்ணால் குறித்தார், 8.937 என்பதை 8⓪9①3②7③ என எழுதினார். எழுதுவதற்குச் சற்றுத் தொல்லையான குறியீடுதான். நூல் 1608இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1619இல் வெளிவந்த ஜான் நேப்பியரின் மடக்கை நூல் புள்ளியைக் கையாண்ட பின்னரே இன்றைய வடிவம் பரவலாயிற்று.

எல்லாப் பின்னங்களும் இவ்வாறு முடிவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருந்தால் வகுத்தல் முடிவின்றித் தொடரும்; 1/3 = 0.333... என்பது போல. தம் நூலில் 0.4ஐ 0.03ஆல் வகுக்கும் கணக்கைக் காட்டி, 3 என்ற இலக்கம் முடிவில்லாமல் வருவதைக் குறிப்பிடுகிறார். நடைமுறையில் தேவையான அளவு இலக்கங்களுடன் நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவர் முடிவு. கணக்கரின் அனுபவம் இங்கே தெரிகிறது.

தசம பின்னங்களைக் கண்டுபிடித்தவர் ஸ்டெவின் என்று சில நூல்கள் கூறுவது சரியன்று. பத்தாம் நூற்றாண்டில் டமாஸ்கசில் அல்-உக்லிதிசியும், 1427இல் சமர்கந்தில் அல்-காசியும் அவற்றைக் கையாண்டுள்ளனர்.

நாணயம், எடை, நீளம் ஆகியவற்றையும் பத்தின் மடங்குகளாகப் பிரிக்க அரசுகள் முன்வர வேண்டும் என நூலின் பின்னிணைப்பில் ஸ்டெவின் வேண்டினார். அவர் வாழ்நாளில் அது நிகழவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடு 1792இல் டாலரை நூறு சென்ட்டுகளாகப் பிரித்தது. பிரான்சு 1795இல் மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியது.

பிற பணிகள்

1586இல் நிலையியல், நீர்நிலையியல் குறித்த நூல்களை வெளியிட்டார். ஒன்று மற்றொன்றைப் போல் பத்து மடங்கு எடையுள்ள இரு ஈயக் குண்டுகளை முப்பது அடி உயரத்திலிருந்து விழவிட்டு, அவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் தரையை அடைவதைக் காட்டினார். கணிதத்தைக் குறிக்க இன்றும் டச்சு மொழியில் வழங்கும் 'விஸ்குண்டெ' என்ற சொல் அவர் நூல்கள் வழியே நிலைபெற்றது. புரூச் நகரில் 1846இல் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.