ஆடலும் பாடலும் கொண்டு அறிவூட்டிய தேசபக்தன் கோ. நடேசய்யர்

மாசி மாதம் பிறந்தால் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்தின் தப்பொலி கேட்கும். கோயில் முன்றலில் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் விடிய விடிய ஆடப்படும். எழுத்தறியாத முன்னோர்கள் இதிகாசங்களைக் கற்றது ஏட்டில் அல்ல, இக்கூத்துக்களிலேதான். இத்தகைய மக்களிடம் உரிமை என்ற சொல்லைப் பாட்டாலும் நாடகத்தாலும் கொண்டு சேர்த்தவர் அமரர் கோ. நடேசய்யர் ஆவார்.

1887 ஆம் ஆண்டு தஞ்சை மண்ணில் பிறந்த இவர் அங்கு ஆசிரியராகப் பணியாற்றியதோடு, வர்த்தகர்களுக்காக ஒரு பத்திரிகையும் நடத்தினார். அவ்வர்த்தகத் தொடர்பே அன்னாரைக் கொழும்புக்குக் கொண்டு வந்தது. தோட்டத்து மக்களின் நிலையை நேரிற் காண விரும்பினார். ஆனால் அன்று வெளியார் தோட்டத்துக்குள் கால் வைப்பது அத்துமீறற் குற்றம். துணி மூட்டையுடன் வரும் புடவை வியாபாரிக்கு மட்டும் வழி கிடைத்தது. நடேசய்யர் அந்த வியாபாரியாகவே மாறி லயங்களுக்குள் நுழைந்தார். மலையகத்தில் அவர் பூண்ட முதல் வேடம் இதுவே எனலாம்.

பின்னர் இலங்கையிலேயே தங்கி, 1924 இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் அட்டன் தொகுதி உறுப்பினராக அரசாங்க சபையிலும் குரல் கொடுத்தார். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

பத்திரிகை படிக்கத் தெரிந்தவருக்குத்தான் பயன்படும். விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடி, பொழுது சாய லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்குச் சட்டம் எப்படிப் போய்ச் சேரும்? இதற்கு விடையாக அமைந்தவர் அன்னாரின் துணைவியார் மீனாட்சியம்மாள். கூட்டங்களில் அவர் எழுந்து பாடுவார். மேடைப் பேச்சை மறந்தவர்களும் பாட்டை மறப்பதில்லை. மக்களுக்குப் பழக்கமான மெட்டுக்களிலே அப்பாடல்கள் அமைந்தன. பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதான அக்காலத்தில் இது எத்துணை துணிச்சலான செயல்! 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு, இங்குள்ள இந்தியரின் வாழ்க்கை நிலை பற்றிய அவரது பாடல்கள் சிறு நூலாக வெளிவந்தன.

1937 இல் நடேசய்யர் தொழிலாளருக்காக ‘அந்தரப் பிழைப்பு’ என்னும் நாடகத்தை எழுதி வெளியிட்டார். கணக்குப் பதிவு பற்றியும் ஆயில் எஞ்சின் பற்றியும் நூல் எழுதிய ஒருவர் நாடகமும் எழுதினார் என்பது வியப்பே. தலைப்பிலேயே அவர் நோக்கம் விளங்குகிறது. கடல் கடந்து வந்து, காடு வெட்டி, தேயிலையும் ரப்பரும் வளர்த்தும், காலூன்றச் சொந்தமாக ஒரு முழ நிலம் இல்லாதவரின் பிழைப்பு அந்தரத்தில் தொங்கும் பிழைப்புத்தானே! கூத்தில் அர்ச்சுனனையும் பொன்னரையும் கண்டு பழகிய மக்களுக்கு, தங்களைப் போன்ற ஒரு தொழிலாளியின் கதையும் நாடகமாகலாம் என்பதே புதிய பாடம். களனிப் பள்ளத்தாக்கின் ரப்பர் மலைகளில் பால் வெட்டியவர்களுக்கும் அது பொருந்திய கதையாகும்.

1947 பொதுத்தேர்தலில் அன்னார் வெற்றி பெறவில்லை. அவ்வாண்டு நவம்பர் 7 ஆம் திகதி கொழும்பில் அமரரானார். மறு ஆண்டே, 1948 இல், பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.