லூசி வில்ஸ்: தாய்மார் நலம் காத்த ஆய்வாளர்

ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ உள்ள தாய் சேய் நலக் கிளினிக்கிற்குச் செல்லும் கருவுற்ற பெண்ணுக்கு முதலில் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அவர் வீடு திரும்பும்போது கைப்பையில் இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் அமில மாத்திரையும் இருக்கும். ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பின்னால் ஓர் ஆங்கிலேயப் பெண் மருத்துவரின் உழைப்பு இருக்கிறது. நாம் கஞ்சியில் கலந்து உண்ணும் மார்மைட்டுக்கும் அதில் பங்குண்டு.

நம் பாட்டிமார் பேராக் தோட்டப்புறங்களில் விடியுமுன்னே எழுந்து பால்மரம் வெட்டச் சென்ற காலத்தில், இரத்தச்சோகை பெண்களை விடாது வருத்திய நோயாக இருந்தது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் போதாத உணவும் சேர்ந்து உடலை வற்றச் செய்தன. கருவுற்ற காலத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். பிரசவத்தின்போது சிறிதளவு இரத்தம் போனாலும் அத்தகைய உடல் தாங்காது. தோட்டங்களில் மட்டுமன்றி, வறுமை இருந்த இடங்களிலெல்லாம் இந்தத் துயரம் இருந்தது.

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று தேர்வும் எழுதினார். ஆனால், பெண் என்பதால் பட்டம் கிடைக்கவில்லை. அப்பல்கலைக்கழகம் 1948ஆம் ஆண்டுவரை பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கவில்லை. 1911இல் தந்தையையும் 1913இல் தமக்கையையும் இழந்தார். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் தங்கி, தாதியர் பணியில் தொண்டாற்றினார். நாடு திரும்பியதும், பெண்களுக்கென்றே இலண்டனில் இயங்கிய மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920இல் மருத்துவரானபோது அவருக்கு வயது 32. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராவதைவிட ஆய்வுக்கூடத்தையே அவர் விரும்பினார்.

1928இல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்குப் பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தச்சோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தனர். நுண்ணோக்கியில் பார்த்தால் அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், அளவில் பெருத்தும் காணப்பட்டன. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

கிருமியாக இருக்குமோ என்று லூசி முதலில் தேடினார், தடயம் இல்லை. பிறகு அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். மிகவும் வறிய பெண்களின் உணவில் புரதமும் காய்கறியும் பழமும் மிகக் குறைவாக இருந்தன. இதுவே திருப்புமுனை என்பது என் கருத்து. கருவிகள் காட்டாத வழியைப் பெண்களின் சாப்பாட்டுத் தட்டு காட்டியது.

அதே உணவை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கு இரத்தச்சோகை வந்தது. ஆனால், பேன்களால் பரவும் ஒரு தொற்றும் அவற்றைத் தாக்கியதால் முடிவுகள் குழம்பின. பணி தளரவில்லை. நீலகிரியில் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் மகளிர் மருத்துவமனையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். நலிந்துபோன குரங்குக்கு மார்மைட் கொடுத்தபோது அது வியக்கத்தக்க வகையில் தேறியது.

மார்மைட் என்பது பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் சாறு, விலை மலிவானது. அதை நோயுற்ற தாய்மாருக்குக் கொடுத்தார். சில நாள்களிலேயே அவர்கள் உடல் தேறத் தொடங்கியது. மற்றொரு வகை இரத்தச்சோகையைக் குணப்படுத்தும் தூய ஈரல் சாறு இப்பெண்களுக்குப் பயன்படவில்லை. அப்படியானால் ஈஸ்டில் இருப்பது வேறு ஏதோ ஒரு சத்து. இம்முடிவை அவர் 1931இல் வெளியிட்டார். பெயர் தெரியாத அந்தச் சத்தை மருத்துவ உலகம் ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தது.

பத்தாண்டு கழித்து, 1941இல், பசளிக்கீரை போன்ற ஒரு கீரையிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் அதே சத்தைப் பிரித்தெடுத்தனர். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். லூசியின் பெயர் மெல்ல மறைந்தது. 1945இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய குழுவை வழிநடத்திய எல்லப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அணுக்கள் பிளந்து பெருக இச்சத்து தேவை. அது இல்லாவிடில் அணு பிளக்காமல் பெருத்து நின்றுவிடும். (கீரையை அதிகம் வேகவைத்தால் இச்சத்து பெருமளவு வீணாகும். முருங்கைக்கீரையைக் கொதிக்கவிடும் வீடுகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.)

அணு பெருகுவதற்கு உதவும் பொருளைத் தடுத்தால் புற்றணு பெருகாதல்லவா? அவ்வாறு உருவான மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து, நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் கொடிய புற்றுநோயை 1956இல் குணப்படுத்தியது. சூலகப் புற்றணுக்கள் பலவற்றின் மேற்பரப்பில் ஃபோலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மிகுதி. அவற்றில் ஒட்டி ஒளிர்ந்து, அறுவை சிகிச்சையின்போது மறைந்திருக்கும் கட்டிகளை மருத்துவருக்குக் காட்டும் மருந்துக்கு 2021இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

லூசி இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் மருத்துவமனைப் பணியைத் தொடர்ந்து, 1947இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். ஜமைக்கா, பீஜி நாடுகளுக்கும் சென்று இரத்தச்சோகையை ஆராய்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. காரைவிட மிதிவண்டியையே விரும்பினார். இறுதிப் பத்தாண்டுகளில் செல்சி நகர மன்ற உறுப்பினராகப் பணியாற்றி, 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் காலமானார்.

அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 1991இல், பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. முதுகெலும்புக் குறைபாடுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார், அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் அக்குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. குழந்தையின் முதுகுத்தண்டு கரு உருவான நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அதற்குள் அறிந்திருப்பதில்லை. ஆகவேதான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே அம்மாத்திரையைத் தொடங்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள்.