தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்த விஞ்ஞானி: காலரா தடுப்பூசியோடு இந்தியா வந்த ஹாஃப்கின் யார்?

2022 ஜூலை மாதம். காரைக்காலில் நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டனர். சிலருக்கு காலரா உறுதியானது. குடிநீர் மீது சந்தேகம் எழுந்தது. புதுச்சேரி அரசின் சுகாதாரத்துறை, காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது.

நம்ம தாத்தா பாட்டி காலத்தில் வாந்திபேதி என்று பயந்து நடுங்கிய அதே நோய்தான். அதை எதிர்க்க தடுப்பூசியோடு 1893-ல் இந்தியா வந்தவர் வால்டெமர் ஹாஃப்கின். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்தக் காலத்தில், பிரான்ஸ் தலைநகர் பாரிஸில்தான் அந்த ஊசி உருவானது.

நூலகர் வேலையில் தொடக்கம்

1860-ல், அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹாஃப்கின். மதம் மாறினால்தான் பேராசிரியர் பதவி என்ற நிலை வந்தபோது, மாற மறுத்து நாட்டை விட்டே கிளம்பினார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் கிடைத்தது நூலகர் வேலை. நேரம் கிடைத்தபோதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்.

கிருமியே மருந்தானது எப்படி?

காலரா கிருமி குடலில் நச்சை வெளியிடும். உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் மளமளவென வெளியேறும். சில மணி நேரத்தில்கூட உயிர் போகலாம்.

ஹாஃப்கின் முதலில் பலவீனமாக்கிய கிருமியைச் செலுத்தினார். உடம்பு எதிரியை அடையாளம் கண்டு பழகிக்கொள்ளும். சில நாள் கழித்து வீரியம் கூட்டிய கிருமி இரண்டாவது ஊசியாகப் போகும். 1892 ஜூலை 18 அன்று அதைத் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, பிழைத்தார்.

1894-ல் கொல்கத்தாவின் ஒரு குடிசைப் பகுதியில் சுமார் 200 பேரில் 116 பேருக்கு ஊசி போட்டார். அதன் பிறகு அங்கே 10 பேருக்கு காலரா வந்தது, 7 பேர் இறந்தனர். அத்தனை பேரும் ஊசி போடாதவர்கள்!

3 மாதத்தில் பிளேக் தடுப்பூசி

1896-ல் மும்பையைப் பிளேக் தாக்கியது. ஒரு எழுத்தர், மூன்று பியூன்கள், சின்ன ஆய்வுக்கூடம். இவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. இந்த முறை கிருமியை வெப்பத்தால் கொன்று தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரி 10-ல் அதையும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு பாட்டில்

1902 அக்டோபர் 30. பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. அதில் 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தனர். அத்தனை பேருக்கும் போட்ட மருந்து ஒரே பாட்டிலில் இருந்து வந்தது.

பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. தயாரிப்பை வேகப்படுத்த, கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் நம்பினார் என்பது குற்றச்சாட்டு. ஆய்வுக்கூட இயக்குநர் பதவி போனது.

பழி நீங்கியது எப்படி?

பாட்டிலைத் திறக்கும் இடுக்கி கிராமத்தில் தரையில் விழுந்திருந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே மூடியைத் திறந்திருக்கிறார்கள். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணில் இருப்பவை, லேசில் சாகாதவை. கிருமி ஆய்வுக்கூடத்திலேயே புகுந்திருந்தால், மருந்து நாற்றம் அடித்திருக்கும். திறந்தபோது அப்படி எந்த வாடையும் இல்லை.

மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அவருக்காகக் குரல் கொடுத்தனர். 1907-ல்தான் பழி நீங்கியது. ஆனால் பழைய பதவி திரும்பக் கிடைக்கவில்லை. கொல்கத்தாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர், 1930-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் காலமானார். மும்பை ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் 1925-லேயே அவர் பெயர் வைக்கப்பட்டுவிட்டது: ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட்.

இன்றைக்கு நமக்கு என்ன?

ஹாஃப்கினின் காலரா ஊசி இப்போது புழக்கத்தில் இல்லை. வாய்வழியாகக் கொடுக்கும் காலரா தடுப்பு மருந்து வந்துவிட்டது. ஆனால் கிருமி மாறவில்லை. அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகத்தான் வருகிறது. கொதிக்க வைத்தால் செத்துவிடும். குழாய்த் தண்ணீரில் நிறமோ வாடையோ மாறினால் காய்ச்சிக் குடியுங்கள். தெளிவாகத் தெரிகிற தண்ணீரிலும் கிருமி இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பேதி ஆரம்பித்தால் உடனே ஓஆர்எஸ் கரைசல் கொடுத்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.